மைக்ரோகன்ட்ரோலர் கிட்டை மதிப்பிடுவது எப்படி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைக்கு எந்த மைக்ரோகன்ட்ரோலர் கிட்டை, அதாவது நிரல் ஏற்றி இயக்கும் சிப் பலகையும் சென்சார் போன்ற பாகங்களும் கொண்ட பெட்டியை, வாங்கித் தருவது என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. கேரளப் பள்ளிகளில் 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் தகவல் தொழில்நுட்ப மன்றங்கள் தொடங்கப்பட்டன. 2025-26 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் ரோபாட்டிக்ஸும் சேர்ந்தது. பள்ளியில் ஒருமுறை ஆர்டுயினோ பலகையில் எல்இடியை எரியவிட்ட பிள்ளை, வீட்டிலும் அதைச் செய்து பார்க்க விரும்புவது இயல்பே. ஆனால் கடையிலும் இணையத்திலும் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் தம்மிடம் உள்ள சென்சார்களின் எண்ணிக்கையைச் சொல்லியே விற்கப்படுகின்றன. அந்த எண்ணிக்கை கிட்டின் தரத்துக்கு அளவுகோல் ஆகாது. ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் தனியே வாங்கி மாற்ற முடியுமா, கையேட்டில் உள்ள சோதனைகள் முடிந்த பிறகும் பிள்ளை தானே ஒன்றை அமைக்க முடியுமா என்ற இரண்டையும் பார்த்தே கிட்டை எடை போட வேண்டும்.

முதலில் பலகையைப் பாருங்கள். தொடக்க நிலைக்கு ஆர்டுயினோ ஊனோ இன்றும் நல்ல தேர்வு. அதன் மூன்றாம் பதிப்பில் உள்ள ஏடிமெகா 328பி சிப்பில் 32 கிலோபைட் நிரல் நினைவகமும் 2 கிலோபைட் ராமும் உண்டு. 16 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 14 டிஜிட்டல் பின்களும் (இணைப்பு முனைகள்) 6 அனலாக் உள்ளீடுகளும் கற்பதற்குத் தாராளமாகப் போதும். இதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது என்பதால், வேறு நிறுவனங்கள் செய்யும் விலை குறைந்த பலகைகளையும் தயங்காமல் வாங்கலாம். அவற்றில் பலவற்றில் யுஎஸ்பி இணைப்புக்குச் சிஎச் 340 என்ற சிப் இருக்கும். கணினி பலகையை அடையாளம் காணவில்லை என்றால் அதற்குரிய டிரைவரை நிறுவ வேண்டும். இரண்டு வகை ஊனோக்கள் கிடைத்தால், சிப் நீளமாக, சாக்கெட்டில் செருகப்பட்டுள்ள வகையையே நான் பரிந்துரைப்பேன். தவறான இணைப்பில் சிப் எரிந்துபோனால், பூட்லோடர் (யுஎஸ்பி வழியாக நிரலை ஏற்ற உதவும் சிறு நிரல்) ஏற்றப்பட்ட புதிய சிப் ஒன்றை வாங்கிச் செருகிவிடலாம். பலகையோடு ஒட்டிப் பற்றவைத்த சிறிய சிப் எரிந்தால் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேரும்.

வைஃபை வசதிக்காக ஈஎஸ்பி 32 பலகையை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பின்கள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. கிட்டுகளில் பரவலாக வரும் எச்.சி-எஸ்ஆர் 04 தூர அளவி, 5 வோல்ட்டில் இயங்கும்போது எதிரொலியைத் தெரிவிக்கும் எக்கோ பின்னில் 5 வோல்ட்டையே திருப்பித் தரும். இரண்டு ரெசிஸ்டர்களைக் கொண்டு அந்த மின்னழுத்தத்தைக் குறைக்காமல் நேரடியாக இணைத்தால் பலகை சேதமடையலாம். இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கும் கிட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து, விளம்பரப் படத்தில் கண்ணில் படாத சிறு பொருள்களுக்கு வாருங்கள். கிட்டின் உண்மையான தரம் இங்கேதான் தெரியும். 220 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து இருக்க வேண்டும். ஊனோவின் பின் தரும் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 14 மில்லி ஆம்பியர் வரும். ஊனோவின் ஒரு பின்னுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு 20 மில்லி ஆம்பியர் என்பதால் இது பாதுகாப்பானது. இந்தக் கணக்கைப் பிள்ளை தானே போட்டுப் பார்க்கும்போதுதான் ஓம் விதி அதற்குப் பயன்படும் பொருளாகிறது. எல்லாப் பாகங்களும் ரெசிஸ்டர் சேர்த்த மாட்யூல்களாகவே வரும் கிட்டில் இந்த வாய்ப்பே அமைவதில்லை. பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் 830 துளை பிரெட்போர்டு இருந்தால், அதன் ஓரத்து மின் வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டுள்ளதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். சில பிரெட்போர்டுகளில் அது துண்டிக்கப்பட்டிருக்கும், அதை அறியாதவர் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார். கிட்டில் மல்டிமீட்டர் இல்லையென்றால், நான்கு சென்சார்களைக் குறைத்துக்கொண்டாவது ஒன்றை வாங்குங்கள்.

சென்சார்களில் உங்கள் சுற்றுப்புறத்தில் அளப்பதற்கு ஏதேனும் உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். டிஎச்டி 11 என்ற சென்சார் வெப்பநிலையை 2 டிகிரி வரை பிழையோடு சொல்லும். பாலக்காட்டுக் கோடையைப் பதிவு செய்து பழக அது போதும். நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மண் ஈரம் அளப்பது மிகப் பயனுள்ள பயிற்சி. ஆனால் கிட்டுகளில் வழக்கமாக வரும் இரண்டு கவை கொண்ட ஈர அளவி, ஈர மண்ணில் மின்சாரம் பாய்வதால் விரைவில் அரித்துப்போகும். உலோகம் மண்ணைத் தொடாத கெபாசிட்டிவ் வகையே நீடித்து உழைக்கும்.

மின்வழங்கலை விற்பவர்கள் பலரும் பொருட்படுத்துவதில்லை. சிறிய 9 வோல்ட் பேட்டரியால் மோட்டார்களை ஓட்ட முடியாது. எஸ்ஜி 90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) நகரத் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தால் பலகையே மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகும். நான்கு ஏஏ செல் வைக்கும் பெட்டி ஒன்று கிட்டில் இருந்து, சர்வோவுக்குத் தனி மின்சாரம் கொடுத்து, கிரவுண்டுகளை (எதிர்முனைகளை) மட்டும் பொதுவாக இணைக்கச் சொல்லும் கையேடும் இருந்தால், அதைத் தயாரித்தவர் தாமே செய்து பார்த்தவர் என்று நம்பலாம். கிட்டில் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருந்தால், பிள்ளைகள் அதில் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை இணைக்கக் கூடாது. சிறு பேட்டரி விளக்கை எரியவிட்டே அதன் செயலைக் கற்றுக்கொள்ளலாம்.

கையேடு ஆங்கிலத்தில் இருப்பது, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய தடை ஆகாது, அதில் தெளிவான மின்சுற்று வரைபடம் இருந்தால். நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் புரட்டி, எந்தக் கம்பி எங்கே என்பதோடு ஏன் அங்கே என்பதும் சொல்லப்பட்டிருக்கிறதா, தேவையான லைப்ரரியின் (நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டி கைக்கு வந்ததும், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். யுஎஸ்பி கேபிள் சார்ஜ் மட்டும் செய்யும் வகையா, தரவையும் கடத்துமா என்பதைப் எல்இடியை விட்டுவிட்டு எரியவிடும் பிளிங்க் நிரலைப் பலகையில் ஏற்றியே அறியலாம். பிறகு அந்த நிரலின் பின் எண்ணை மாற்றி மாற்றி, ரெசிஸ்டரோடு கூடிய ஓர் எல்இடியை 2 முதல் 13 வரை ஒவ்வொரு பின்னிலும் எரியவிட்டுப் பாருங்கள். ஜம்பர் கம்பிகளை மல்டிமீட்டரின் பீப் ஒலியால் ஒவ்வொன்றாகச் சோதித்து, அறுந்தவற்றை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். குறை இருந்தால் பில்லோடு உடனே மாற்றிக் கேட்க வேண்டும். கோயம்புத்தூர் சென்று கடையில் நேரில் வாங்குபவர்கள், பிளிங்க் சோதனையையாவது அங்கேயே செய்துகாட்டச் சொல்வது நல்லது.