பாக்டீரியாவின் குரோமோசோம் செல்லின் முனையில் நங்கூரமிடுவதைப் படம் பிடிப்பது எப்படி?

பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. நம் செல்களில் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்க்கோல் இழைகளும் கிடையாது. ஆனாலும் கௌலோபாக்டர் கிரசென்டஸ் என்ற பாக்டீரியா, சுமார் 40 லட்சம் கார இணைகள் உள்ள தன் குரோமோசோமைப் பிரதி எடுத்து, இரண்டு மகவுச் செல்களுக்கும் தப்பாமல் ஒவ்வொன்று கொடுத்துவிடுகிறது.

இதில் சாரம் கட்டும் வேலை பாப்இசட் என்ற புரதத்துடையது. 2008இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டறிந்தன. மொத்தமே 177 அமினோ அமிலம்தான். அவை ஒன்றோடொன்று பின்னிச் செல்லின் முனையில் வலைபோலத் திரண்டுவிடும். ரைபோசோம் போன்ற பெரிய சாமான்களுக்கு உள்ளே இடமில்லை. பார்பி புரதத்துக்கு உண்டு. பார்பி, டிஎன்ஏவில் பிரதியெடுப்பு தொடங்கும் இடத்துக்கு அருகே உள்ள பார்எஸ் என்ற பகுதியில் குவிந்து உட்காரும். ஆக, பாப்இசட் பார்பியைப் பிடித்தால் குரோமோசோமையே பிடித்த மாதிரி. பிரதி எடுத்ததும் ஒரு பார்பி புள்ளி அங்கேயே நிற்க, மற்றதைப் பார்ஏ என்ற இன்னொரு புரதம் எதிர்முனைக்கு நகர்த்தும். அங்கே புதிதாகத் திரளும் பாப்இசட் அதைப் பற்றிக்கொள்ளும்.

சரி, இதைக் கண்ணால் பார்க்கலாம்.

1. செல். பார்பியோடு பச்சையாக ஒளிரும் புரதத்தையும் (ஜிஎஃப்பி), பாப்இசட்டோடு சிவப்பாக ஒளிர்வதையும் (எம்செர்ரி) இணையுங்கள். பார்பியின் சொந்த மரபணுவை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே ஒளிரும் பார்பியை வையுங்கள். கூடுதல் பிரதியாகச் சேர்த்தால் பார்ஏ, பார்பி விகிதம் கெட்டு, பிரிப்பே தடுமாறும். பாப்இசட்டுக்கு நேர்மாறு: சொந்தப் பிரதி இருக்கட்டும், ஒளிர்வது, சைலோஸ் என்ற சர்க்கரை கொடுத்தால் மட்டும் உருவாகும்படி, கொஞ்சமாகச் சேரட்டும்.

2. ஒரே வயதுச் செல்கள். பெர்கால் என்ற சிலிக்காத் துகள் கரைசலின் அடர்த்திச் சரிவில், மையவிலக்கியில் சுழற்றினால் இரண்டு பட்டைகள் வரும். கீழ்ப்பட்டைதான் நீந்தும் இளஞ்செல்கள். மேல்பட்டையை முதலில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். எல்லாம் ஐஸிலேயே நடக்க வேண்டும். ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் செல்களின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

3. அகரோஸ் மெத்தை. எம்2ஜி என்ற எளிய வளர்ப்பு ஊடகத்தில் 1% அகரோஸ். பிஒய்இ என்ற சத்து மிகுந்த ஊடகம் வேண்டாம், அதுவே மங்கலாக ஒளிரும். ஒரு சொட்டு விட்டு, ஈரம் முழுக்க உறிஞ்சப்பட்ட பிறகே கவர்ஸ்லிப் போடுங்கள். இல்லாவிட்டால் செல்கள் நீந்திப் போய்விடும்.

4. படம். 100 மடங்கு லென்ஸ், இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம், ஒளியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து. அழகான படத்துக்கு ஆசைப்பட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் செல் வளர்வதை நிறுத்திவிடும்.

5. கைமோகிராஃப், அதாவது செல்லின் நீளத்தில் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதை நேரவரிசையில் அடுக்கிக் காட்டும் ஒற்றைப் படம். என் ஒரு வாரத்தைத் தின்றது இந்தப் படிதான்.

ஃபிஜி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில் "கரெக்ட் 3டி டிரிஃப்ட்" ஓட்டி நகர்வைச் சரிசெய்யுங்கள். பிறகு செல்லின் வளைவை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு வரைந்து "ரீஸ்லைஸ்" கொடுத்தால், எல்லாப் படங்களிலும் அந்தக் கோட்டில் உள்ளது அடுக்காக வரும். செல் நீண்டுகொண்டே போகும் என்பதால் கோட்டைக் கடைசிப் படத்தில் வரைய வேண்டும். இவ்வளவும் சரியாகத்தான் செய்தேன். முப்பது செல்களின் கைமோகிராஃபை அடுக்கிச் சராசரி எடுத்தால், பெரிய பெருக்கல் குறி வந்தது! இரண்டு முனையிலும் முதல் படத்திலிருந்தே பார்பி. இரண்டு பக்கமிருந்தும் புள்ளிகள் குறுக்கே ஓடின. இளஞ்செல்களைப் பிரித்ததில்தான் கோளாறு என்று நினைத்து அதையே மூன்று தடவை திரும்பச் செய்தேன்.

கோளாறு கோட்டில் இருந்தது. பாதிச் செல்களில் பழைய முனையிலிருந்தும் (பின்னால் காம்பு முளைக்கும் முனை), பாதியில் புதிய முனையிலிருந்தும் (கடைசிப் பிரிவில் உண்டான முனை) வரைந்திருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரி, சேர்த்தால் கூத்து. இளஞ்செல்லில் காம்பு முளைத்திருக்காது என்பதால் வடிவத்தை வைத்து முனையைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் பாப்இசட் அப்போது ஒரே முனையில்தான், பழைய முனையில்தான் இருக்கும். ஆகவே முதல் படத்தில் சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கோட்டைத் தொடங்குங்கள். இரண்டு முனையிலும் சிவப்பு தெரிந்தால் அந்தச் செல்லை விட்டுவிடுங்கள், அது ஏற்கெனவே கிளம்பிவிட்டது.

இப்படி வரைந்தபோது பழைய முனையில் ஒரு நேர்கோடு. அதிலிருந்து பிரிந்த இன்னொன்று முதலில் தயங்கி, பிறகு விறுவிறுவென்று எதிர்முனைக்கு ஏறியது. பார்ஏ இழுப்பது அந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

முப்பது, நாற்பது செல்களுக்கு ஃபிஜி போதும். நூற்றுக்கணக்கில் என்றால், பாக்டீரியாப் படங்களைத் தானே அளக்கும் மைக்ரோப்ஜே. இரண்டையும் பழகாமல் சொந்தமாக நிரல் எழுத உட்காராதீர்கள்.

ஒப்பீட்டுக்கு, பாப்இசட் நீக்கிய செல்களையும் ஒரு தடவை பாருங்கள். பார்பி புள்ளிகள் முனையில் நிலைகொள்ளாமல் அலையும், செல்கள் நூல்போல் நீண்டு கிடக்கும்.

பின்சேர்க்கை: "புள்ளி பாதி வழியில் நின்றுவிடுகிறது" என்று இருவர் எழுதியிருந்தார்கள். கவர்ஸ்லிப்பின் நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் அடைத்திருந்தார்களாம். கௌலோபாக்டருக்கு ஆக்ஸிஜன் வேண்டும். மெத்தையைச் சுற்றிக் கொஞ்சம் காற்றிடம் விட்டு அடையுங்கள்.

இன்னொன்று: சிவப்புப் புள்ளி முனையில் பலூன் மாதிரி ஊதியிருந்தால், சைலோஸை அதிக நேரம் கொடுத்துவிட்டீர்கள். பாப்இசட் மிகுந்தால் அந்த வலை பெருத்து, டிஎன்ஏவையே ஒதுக்கித் தள்ளும். இரவு முழுக்கக் கொடுக்காமல், படம் எடுப்பதற்குச் சற்று முன்பு மட்டும் கொடுங்கள்.