வேலையும் வீடும் இருக்க, புதுத் தொழில் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள்

‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் தொழில் உருப்படாது, வேலையை விட்டுவிட்டு இறங்கு’ என்று சொல்ல நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். இதை நம்பி அவசரப்பட்டு ராஜினாமா செய்வதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. ஃபில் நைட் 1964-இல் புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் ஷூ விற்க ஆரம்பித்தார். பின்னாளில் நைக் ஆனது அதுதான். முதல் ஐந்து வருடம் அவர் கணக்காளராகவும் கல்லூரி ஆசிரியராகவும் சம்பளம் வாங்கிக்கொண்டே அதை நடத்தினார். 1969-இல்தான் முழுநேரமாக வந்தார். ராஃபீ, ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. வேலையில் இருந்தபடி தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்களின் தொழில் கைவிட்டுப்போகும் வாய்ப்பு, நேரே குதித்தவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாம். மாதச் சம்பளம்தான் உங்கள் தொழிலின் முதல் முதலீட்டாளர். அதைச் சீக்கிரம் விரட்டிவிடாதீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி. தூக்கத்துக்கு 49, வேலைக்கும் போய்வரவும் 55, குளியல், சாப்பாடு, வீட்டு வேலைக்கு 21. மீதி 43 மணி இருப்பதாகக் காகிதம் சொல்லும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். பிள்ளையின் படிப்பு, அம்மா அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போவது, துணையோடு நாலு வார்த்தை பேசுவது, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாமே அந்த 43-க்குள்தான் வருகின்றன. என் அனுபவத்தில் நிலையாகக் கைக்கு வருவது 10 முதல் 12 மணி நேரம்தான். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தேதியை இந்தப் 12-ஐ வைத்துச் சொல்லுங்கள்.

போதாத நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுப்பது அதைவிட மோசம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரைப் போலத்தான் மூளை வேலை செய்யும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலை ஆறுக்கு எழுந்தவருக்கு அது இரவு பதினொரு மணி. நான் அனுப்பியதிலேயே மோசமான விலைப்பட்டியல் நள்ளிரவில் அனுப்பியது. ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போயிருந்தது. மறுநாள் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்த ஆர்டர் கைநழுவியது. அதற்குப் பிறகு இரவில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் அனுப்புவதில்லை. காலையில் ஒருமுறை படித்துவிட்டுத்தான்.

இனி வீடு. இங்கேதான் நான் அதிகம் தவறு செய்தேன். ‘கொஞ்ச நாள் அனுசரித்துப் போங்கள்’ என்று கேட்டேன், எத்தனை நாள், எந்தெந்த நேரம் என்று சொல்லவே இல்லை. கேட்காமல் எடுத்துக்கொண்ட நேரம் அவர்களுடையது என்பது எனக்கு உறைக்கவில்லை. என் மகள் என்னிடம் பேச வருமுன் என் காதைப் பார்ப்பாள். இயர்போன் இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவாள். ஒருநாள் அதில் அழைப்பு எதுவும் இல்லை, கழற்ற மறந்திருந்தேன், அவ்வளவுதான். அவள் கதவோரம் நின்று, பார்த்து, சத்தமில்லாமல் போனதைப் பார்த்தேன். பக்கத்திலேயே இருந்துகொண்டு இல்லாமல் இருந்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.

அன்றிரவு மனைவி சொன்னாள், “சீக்கிரம் சரியாகிடும்னு சொல்லாதீங்க. எனக்குத் தேதி வேணும்.” உட்கார்ந்து பேசினோம். வாரத்தில் மூன்று மாலை என்னுடையவை, மற்ற நாள் மாலையும் ஞாயிறு முழுவதும் வீட்டுக்கு. என் மூன்று மாலைக்கு ஈடாக அவளுக்கும் யாரும் கூப்பிடாத ஒரு மாலை. இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் லேப்டாப் முன் உட்காரும் நேரத்தில் வீட்டைச் சுமப்பவருக்கும் ஓய்வு வேண்டும்.

அலுவலகத்தைப் பொறுத்தவரை, வேலை ஒப்பந்தத்தைப் படிக்காமல் தொடங்குவதுதான் ஆபத்து. வேலையில் இருக்கும்போது நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. பிராட்ஸ் பொம்மைகளை வடிவமைத்தவர் முன்பு பார்பி பொம்மை தயாரிக்கும் மேட்டல் நிறுவனத்தில் இருந்தவர். அந்த யோசனை வேலையில் இருந்தபோது வந்ததா, இல்லாதபோது வந்ததா என்பதைச் சுற்றி 2004-இல் தொடங்கிய வழக்கில், 2008-இல் மேட்டலுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு 2010-இல் ரத்தாகி, 2011-இல் பிராட்ஸை விற்ற நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஜெயித்தாலும் இத்தனை வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்? ஸ்டீவ் வோஸ்னியாக் முதல் ஆப்பிள் கணினியை உருவாக்கியபோது ஹியூலெட் பேக்கர்டில் வேலையில் இருந்தார். அதை முதலில் தன் நிறுவனத்திடமே காட்டினார், அவர்கள் வேண்டாம் என்றார்கள். நேர்மையும் பாதுகாப்பும் ஒன்றாகச் சேர்ந்த வழி அது. அலுவலக லேப்டாப், அலுவலக மின்னஞ்சல், அலுவலக நேரம் மூன்றையும் உங்கள் தொழிலுக்குத் தொடவே தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பகலில் உடனுக்குடன் பதில் சொல்லவேண்டிய தொழிலைப் பகல் வேலைக்காரர் எடுக்கக் கூடாது. லோகோவும் இணையதளமும் காசு கொடுக்கும் முதல் வாடிக்கையாளருக்குப் பிறகு வரட்டும்.

கடைசியாக, எப்போது வேலையை விடுவது, எப்போது தொழிலை நிறுத்துவது என்பதைக் களைத்துப்போன ஒரு நாளில் முடிவு செய்வது தவறு. நாங்கள் முன்கூட்டியே எழுதிவைத்தோம். தொழில் வருமானம் தொடர்ந்து ஆறு மாதம் வீட்டுச் செலவைத் தாங்க வேண்டும், ஒரு வருடச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும். இரண்டும் நடந்தால் ராஜினாமா. குறித்த தேதிக்குள் நடக்காவிட்டால் தொழிலுக்கு ஓய்வு. கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம். தேதியைத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் இருவரும் மறுபடி உட்கார்ந்து பேசித்தான் தள்ளிவைக்க வேண்டும். நான் மட்டும் தீர்மானிக்க முடியாது.