பெம்பிகஸ் உள்ளவர்களுக்குப் பல் பராமரிப்பு: படிப்படியான விளக்கம்

பெம்பிகஸ் வல்காரிஸ் என்னும் அரிய நோயில், தோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் டெஸ்மோகிளீன் புரதத்தை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்குகிறது. பலருக்குத் தோலில் கொப்புளம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே வாயில் புண் வந்துவிடும். என் அம்மாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. வலிக்குப் பயந்து அவர் பல் துலக்குவதை நிறுத்தினார். காரை படிந்து ஈறு வீங்கியதில் புண்ணும் ஆறவில்லை. எனவே துலக்குவதை நிறுத்தாதீர்கள், துலக்கும் முறையை மாற்றுங்கள்.

முதலில், குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ்ஷை வாங்கி, ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பின்பே பயன்படுத்துங்கள். பற்பசையில் ஃப்ளூரைடு இருக்க வேண்டும். நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட்டும் காரமான புதினாச் சுவையும் இருக்கக் கூடாது. உமிக்கரியும் உப்புத்தூளும் இந்த ஈறுக்கு ஆகவே ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, பல் மருத்துவரிடம் போகுமுன் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டால் எலும்பு தேயாமல் இருக்க அலென்ட்ரோனேட் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் அந்த மருந்தால் உண்டு.

நாங்கள் எதிர்பாராத சிக்கல் வந்தது பல் மருத்துவரின் சிகிச்சை நாற்காலியில்தான். எச்சிலை உறிஞ்சுவதற்காகக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே வைத்த பஞ்சுருளை, காய்ந்து ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே இழுத்தபோது, கன்னத்தின் உட்தோல் ஈரக் காகிதம்போல் உரிந்து வந்தது. அந்தப் புண் ஆற மூன்று வாரம் ஆனது. இப்போது அம்மா உட்காருமுன்பே, பஞ்சை எடுக்கும்போது தண்ணீர் விட்டு நன்றாக நனைத்த பிறகே எடுக்குமாறும், ஈறின்மேல் வேகமாகக் காற்று பீய்ச்ச வேண்டாம் என்றும், உதட்டில் வாசலின் தடவுமாறும் கேட்டுக்கொள்கிறேன். காரை எடுப்பதையும் ஒரே நாளில் முடிக்காமல் சிறு சிறு அமர்வுகளாகப் பிரித்துக்கொள்கிறோம்.

பின்சேர்க்கை: வாய்க் கிருமிகளைக் கொல்லும் கொப்பளிப்பு மருந்தான குளோர்ஹெக்சிடினால் கொப்பளித்தால் எரிகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். ஆல்கஹால் கலக்காத வகையை வாங்கி, சம அளவு தண்ணீர் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள், ஏனெனில் பற்பசையின் நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். வாயில் துடைத்தால் வரும் வெள்ளைப் படிவு தெரிந்தால், அது ஸ்டீராய்டால் வரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். புண்ணுக்கான களிம்பை நீங்களாகக் கூட்டாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.