விழா வருது, பாடம் போகுது: நடுநிலைப் பள்ளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பிப்ரவரி மாதம், மதியம் இரண்டரை மணி இருக்கும். ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தேன். முப்பத்தோரு பிள்ளைகள் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். மற்றவர்களெல்லாம் ஆண்டு விழா டான்ஸ் பிராக்டீஸுக்கு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு, மணி அடித்ததும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, நீ எதுலயும் சேரலயா?" என்று கேட்டேன். "எனக்கு ஆட வராதுன்னு சொல்லிட்டாங்க சார். பாடமும் நடக்கல. சும்மா இருக்கேன்" என்றாள்.

அந்தச் "சும்மா இருக்கேன்" மூன்று வாரம் நீடித்தது. விழா அமர்க்களமாக நடந்தது, ஊரே வந்து பார்த்தது. ஆனால் மார்ச்சில் விகிதம் நடத்தியபோது வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னமே கை நழுவிப் போயிருந்தது. ஆடப் போனவர்களுக்கும் பாடம் இல்லை, போகாதவர்களுக்கும் இல்லை. நானும் அந்த மூன்று வாரத்தைப் பேசாமல் விட்டவன்தான்.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பையன் மேடையில் பேசிப் பார்த்திருக்கிறேன். விழாவைப் பாடத்திலிருந்து பிரித்து வேறொரு சமாச்சாரமாக வைக்கும்போதுதான் இரண்டும் கெட்டுப்போகின்றன. ஆறு, ஏழு, எட்டு என்ற இந்த மூன்று வகுப்பில் அது இன்னும் ஆபத்து. ஆறாம் வகுப்பில் பாடங்கள் ஒரேயடியாகக் கனத்துவிடும். சரளமாக வாசிக்க வராத பிள்ளை கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ளும். எட்டு முடித்ததும் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். அப்புறம் நம் கையில் ஒன்றும் இல்லை.

பிராக்டீஸுக்கு எடுக்கும் நேரம்

முதல் தவறு, எந்தப் பீரியட் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. வழக்கமாக மாட்டுவது கணக்கு, சமூக அறிவியல், பி.இ.டி. மூன்றும்தான். மதியத்துக்கு மேல் வருகிற பாடம் என்றால் தினமும் அதே பாடம்தான் அடிபடும். இப்போது எங்கள் பள்ளியில் பிராக்டீஸுக்கு ஒரு நாளைக்கு ஒரு பீரியட்தான், அதுவும் திங்கள் ஒன்றாவது, செவ்வாய் இரண்டாவது என்று சுழன்று வரும். எந்தப் பாடத்துக்கும் வாரத்தில் ஒன்றுக்கு மேல் போகாது. போன பீரியடை யார், எப்போது ஈடு செய்வது என்பதையும் ஸ்டாஃப் ரூம் சுவரில் எழுதி ஒட்டிவிடுகிறோம்.

இரண்டாவது, எப்போதும் அதே பிள்ளைகள். நிறம் கொஞ்சம் எடுப்பாக இருக்கிற பிள்ளை, வாய்த்துடுக்கான பிள்ளை, டீச்சருடைய பிள்ளை. காலை வழிபாட்டில் குறள் சொல்வதும் இவர்கள்தான், விருந்தினருக்குச் சால்வை கொடுப்பதும் இவர்கள்தான். மற்றவர்களுக்கு நாற்காலி தூக்குகிற வேலை. எட்டு வருஷம் ஒரே பள்ளியில் படித்துவிட்டு ஒரு தடவைகூட மேடை ஏறாமல் போகிற பிள்ளைகளை வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணிப் பாருங்கள், மனசு கேட்காது. பதிவேட்டு வரிசைப்படி வாய்ப்புக் கொடுங்கள். திக்கித் திணறிச் செய்தி வாசிக்கட்டும், இரண்டு நிமிஷம் கூட ஆகட்டும். யாருக்கு வாசிப்பு வரவில்லை என்பது அங்கேயே நமக்குத் தெரிந்துவிடும். கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

வாடகை டிரெஸ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மினுக்குப் பாவாடைக்குப் பணம் கேட்டால், அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லவே சொல்லாது. "எனக்கு இஷ்டம் இல்ல சார்" என்று ஒதுங்கிக்கொள்ளும். அதை நம்பிவிடாதீர்கள். கோலாட்டத்துக்கும் ஒயிலாட்டத்துக்கும் வீட்டிலிருக்கிற துணியே போதும்.

தெர்மாகோல் எரிமலையும் மூன்று பாட்டிலும்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். 1928இல் அதே தேதியில்தான் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. அதையொட்டிப் பல பள்ளிகளில் கண்காட்சி வைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பாதி மேசையில் தெர்மாகோல் எரிமலை, மீதி மேசையில் கடையில் வாங்கிய மாடல். ஒரு தடவை எரிமலைக்குப் பக்கத்தில் நின்ற பையனிடம், "இது ஏன்ல பொங்குது?" என்று கேட்டேன். விறைப்பாக நின்றான். அப்புறம் மெதுவாக, "அண்ணன் செஞ்சு தந்தான் சார்" என்றான். அவன் மேல் கோபமே வரவில்லை. "நல்லா பளிச்சுன்னு இருக்கணும், பரிசு வரணும்" என்று சொல்லி அனுப்பியவர்கள் நாம்தானே.

அதே கண்காட்சியில் ஒரு மூலையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று தண்ணீர் பாட்டிலை நடுவில் வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். வாயில் பழைய வேட்டித் துணி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. ஒன்றில் அவன் ஆச்சி வீட்டுப் பக்கம், சாத்தான்குளத்துத் தேரி மண், செக்கச் செவேல் என்று. இன்னொன்றில் மாமா கோவில்பட்டியிலிருந்து கொண்டு வந்த கரிசல். மூன்றாவதில் சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றுப் பாசன வயலில் அள்ளிய வண்டல். மூன்றிலும் ஒரே அளவு மண், மேலே ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர். தேரி மண்ணில் ஊற்றிய கையோடு கீழே சொட்ட ஆரம்பித்தது. வண்டல் நிதானமாக விட்டது. கரிசலில், மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் தண்ணீர் மேலேயே நின்றது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து, "அண்ணே, அப்போ தேரியில பனைமரம் மட்டும் எப்படி நிக்கி?" என்று கேட்டாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. "வேரு ஆழமாப் போவும்னு நெனைக்கேன், கேட்டுச் சொல்லுதேன்" என்றான்.

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் வருகிற பாறையும் மண்ணும் பாடம்தான் அது. செலவு ஒரு காசு இல்லை. பரிசு எரிமலைக்குத்தான் போனது. நடுவர்களை அழைக்கும்போதே, "மாடலைப் பார்க்காதீங்க, பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறோம். கண்காட்சிக்கு முன்பே அவரவர் வகுப்பில் அந்தச் சோதனையை ஒரு தடவை செய்து காட்டச் சொல்கிறோம். வகுப்பில் காட்ட முடியாதது கண்காட்சிக்கும் வராது. பெற்றோர்கள் அட்டை வெட்டிக் கொடுக்கலாம், கத்தியைப் பிடித்துக்கொள்ளலாம். யோசிப்பதைப் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள்.

மனப்பாடப் பேச்சு

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், நவம்பர் 14 குழந்தைகள் தினம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேச்சுப் போட்டி, ஒவ்வொரு பேச்சும் "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கிப் போனில் தேடி எடுத்த நாலு பத்தியாக ஓடும். நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டால் பிள்ளை அப்படியே நின்று கண் கலங்கும்.

செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்த நாளும்கூட. 1872இல், இதோ பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தபோது திருநெல்வேலி நகரமே கொந்தளித்தது. பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தெருக்களில் நடந்த சங்கதி அது. அந்த நாளில் நம் ஊரில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஆசிரியருக்குப் பேனா கொடுத்து முடித்துவிடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. போன வருஷம் எழுதிக் கொடுப்பதை நிறுத்தினேன். "சொந்தக் கப்பல் கம்பெனி வைக்க அவர் ஏன் நினைச்சாரு? உங்க வீட்ல ரெண்டு பேரிட்ட கேட்டுட்டு வந்து மூணு நிமிஷம் பேசு" என்றேன். இலக்கணம் தடுமாறியது. ஆனால் யாரும் மறந்துபோய் நிற்கவில்லை, சொன்னது அவர்களுடைய சொந்தப் பேச்சு.

தேதி குறிப்பதில்

காலண்டரை வைத்துத் தேதி குறித்தால் போதாது, வானத்தையும் ஊரையும் பார்க்க வேண்டும். நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நவம்பரில் விளையாட்டு விழா வைத்தால் மைதானத்தில் தண்ணீர்தான் ஓடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைக் காலத்தில் செய்முறைக் குறிப்பேடு, சார்ட்டு, பதிவேடு எதையும் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோவிலுக்குக் குடும்பத்தோடு போய்க் குடில் போட்டுத் தங்குகிறவர்கள் உண்டு. ஊர்க் கோவில் கொடை விழா என்றால் வகுப்பில் கால்வாசிதான் வரும். அந்த வாரத்தில் புதுப் பாடம் தொடங்கிவிட்டு, "லீவு போட்டவனுக்கு எதுவும் தெரியல" என்று அப்புறம் திட்டுவதில் நியாயம் இல்லை. பழைய பாடத்தைத் திருப்ப அது நல்ல வாரம்.

கூந்தங்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பஸ் கிடைத்தது என்று செப்டம்பரில் பிள்ளைகளைக் கூட்டிப் போனவர்கள் உண்டு. மழைக்குப் பிறகு குளம் நிறைந்தால்தான் பறவை வரும். ஜனவரிக்கு மேல் போங்கள். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது, அந்த ஊர்க்காரர்களிடம் பிள்ளைகளைப் பேச விடுங்கள்.

பெற்றோருக்குச் சொல்வதில்

நாளைக்குக் கூட்டம் என்று இன்று சாயங்காலம் பிள்ளை கையில் துண்டுச் சீட்டுக் கொடுப்பது, அதுவும் காலை பதினோரு மணிக்கு வரச் சொல்வது. அந்த நேரம் ஒருவர் நூறு நாள் வேலையில் இருப்பார், ஒருவர் பீடித் தட்டோடு உட்கார்ந்திருப்பார். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தின் நேரத்தை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். வந்தவர்கள் முன்னால் மார்க்கை உரக்க வாசிக்காதீர்கள், மார்க் குறைந்த பிள்ளையின் அம்மா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

எட்டாம் வகுப்புப் பெற்றோரிடம் தவறாமல் சொல்ல வேண்டியது தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கிற, குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய், ஆக நான்கு வருஷத்தில் 48,000. மனத்திறன் கேள்வி 90, பாடக் கேள்வி 90. இதில் நடக்கிற தவறு இரண்டு. ஒன்று, நன்றாகப் படிக்கிற நாலு பேரிடம் மட்டும் சொல்வது. மற்றது, விண்ணப்பிக்கும் கடைசி வாரத்தில் வருமானச் சான்றிதழுக்கு ஓட விடுவது. ஆறாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு பீரியட் எண்தொடர், உருவப் புதிர் என்று விளையாட்டாகப் பழக்கினால், தேர்வு எழுதாதவனுக்கும் கணக்கு தேறும்.

சுற்றுலா முடிந்த மறுநாள்

நெல்லையைச் சுற்றி இருக்கிற வாய்ப்பு வேறு ஊருக்குக் கிடைக்காது. கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம், திருச்செந்தூர் ரோட்டில் ஆதிச்சநல்லூர் தொல்லியல் தளம். ஆனால் நாம் செய்வது என்ன? வரிசையாக நிற்க வைத்து, "தொடாதே, ஓடாதே" என்று அதட்டி, ஒரு குரூப் போட்டோ எடுத்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, சாயங்காலம் கொண்டு வந்து இறக்கிவிடுவது. போவதற்கு முன்னால் ஒரு பீரியட், வந்த மறுநாள் ஒரு பீரியட் ஒதுக்காத சுற்றுலா, வெறும் பஸ் பயணம்தான்.

இந்த முறை ஆதிச்சநல்லூர் போவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். அதற்குப் பக்கத்துச் சிவகளையில், இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அப்படியானால் 2021இல் அந்த நெல்லுக்கு வயது என்ன? எல்லாரும் கூட்டி 3176 என்றார்கள். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது, அதனால் ஒன்று கழியும், 3175 என்றேன். ஏழாம் வகுப்பு எண்கோட்டில் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நான் கத்திக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் நிறையப் பேருக்குப் புரிந்தது.

ஆதிச்சநல்லூரில் குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதன் மேல் நின்றால் காலடியில் தாழிகள் தெரியும். 1876இல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் வந்து தோண்டினார், பின்னால் அலெக்சாண்டர் ரீ வந்தார் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். பிராக்டீஸ் நாளில் பையை மடியில் வைத்திருந்தாளே, அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. கண்ணாடிமேல் குத்தவைத்து உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தவள், "சார், இவ்ளோ பெரிய தாழி சுடும்போது எப்படி வெடிக்காம இருந்துச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

மறுநாள் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். வகுப்பில் ஒருவனுக்குத் தாத்தா வீடு காருகுறிச்சி, பானை வனைகிறவர்கள். திங்கட்கிழமை ஒரு பாலிதீன் பையில் களிமண் உருண்டையோடு வந்தான். "வெறுங் குளத்து மண்ணுன்னா சூளையில வெடிச்சிருமாம் சார். மணலு கலக்கணுமாம், நல்லா காய விடணுமாம்" என்றான். அவள் எழுந்து வந்து அந்த உருண்டையைக் கையில் வாங்கி, விரலால் நசுக்கிப் பார்த்தாள்.