மலை அஞ்சலகங்களில் சிஸ்டம் வேலை: புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், சிஸ்டம் அட்மின் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பியுடன் ஒரு துணை அஞ்சலகத்துக்குப் போயிருந்தேன். கவுண்டர் கம்ப்யூட்டர் ஆன் ஆகிப் பாதியில் நின்றுவிடுகிறது. அவர் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் சொருகி, "ஃபார்மெட் பண்ணிடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றார். கையைப் பிடித்து நிறுத்தினேன். "எல்லா டேட்டாவும் சர்வர்லதானே சார் இருக்கு?" என்று கேட்டார். அவராவது கேட்டார். அவர் வயதில் நான் அந்தக் கேள்வியைக் கேட்காமலே எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

நம் துறையில் சிஸ்டம் அட்மின் என்பவர் பெரும்பாலும் கவுண்டரில் உட்கார்ந்திருந்த போஸ்டல் அசிஸ்டென்ட்தான். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், கோட்ட அலுவலகம் கூப்பிட்டுக்கொள்ளும். பயிற்சி சில நாள்தான். மிச்சத்தை ஊட்டிக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் பஸ் ஏறிப் போய்த்தான் பழக வேண்டும். கழன்ற கேபிள், பேப்பர் சிக்கிய பிரிண்டர் எல்லாம் ஒரு வாரத்தில் தானாகப் பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நெட் இல்லை" என்றதும் கிளம்பிவிடுவது

போனில் வரும் புகார்களில் பாதி இந்த இரண்டு வார்த்தைதான். சொல்பவர் மேல் தப்பில்லை. அவருக்குத் திரை நகரவில்லை, வரிசை நிற்கிறது, அவ்வளவுதான் தெரியும். ஆனால் அதற்குள் நாலு விஷயம் ஒளிந்திருக்கும். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்திருக்கலாம். மலைப்பாதையில் மண் சரிந்து கேபிள் அறுந்திருக்கலாம். எல்லா ஊரிலுமே சர்வர் மெதுவாக இருக்கலாம். அல்லது கரண்ட் போனபோது சேமிப்புக் கணக்கு மென்பொருளான ஃபினக்கிள் பாதியில் மூடியதால், மறுபடி உள்ளே போகும்போது அந்த யூசர் ஏற்கெனவே உள்ளே இருப்பதாகக் காட்டலாம்.

ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது, பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் இப்படித்தானா, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் பக்கத்து ஊர் அஞ்சலகத்துக்கு ஒரு போன். ஊட்டியிலிருந்து கூடலூருக்கு 50 கிலோமீட்டர். ஐந்து நிமிடம் பேசினால் தீர்கிற விஷயத்துக்காக ஒரு முழு நாளை நடுவட்டம் இறக்கத்தில் விடாதீர்கள். அந்த நாளில் உண்மையாகவே உங்களுக்காகக் காத்திருக்கும் ஆபீஸ் ஒன்று வேறெங்கோ இருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஃபார்மெட் செய்வது

இதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சேமிப்புக் கணக்குகள் நவி மும்பை டேட்டா சென்டரில் இருக்கின்றன. அதற்கு ஏதாவது ஆனால் கைகொடுக்க மைசூரில் இன்னொன்று இருக்கிறது. அதெல்லாம் சரி. ஆனால் போய்ச் சேர்ந்ததுதான் சர்வரில் இருக்கும். இன்னும் புறப்படாதது உங்கள் கண் முன்னால் இருக்கும் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. லைன் ஒழுங்காக இருக்கும் ஊரில் அந்த இடைவெளி சில நிமிடம். மலையில் மழைக்காலத்தில் அது நாள்கணக்கில் நீளும்.

2019 ஆகஸ்ட். அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்த மழை அது. கூடலூர் பக்கம் ஒரு துணை அஞ்சலகத்தில் ஆதார் பதிவு நடந்துகொண்டிருந்தது. அப்போது லைன் இல்லாவிட்டாலும் பதிவை நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொருவரின் பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, போட்டோ எல்லாம் சேர்ந்து ஒரு பேக்கெட்டாக லேப்டாப்பிலேயே உட்கார்ந்திருக்கும். லைன் வந்த பிறகு மேலே போகும். மழையில் நனைந்துகொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அங்கே ஆபரேட்டராக இருந்தவர் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறார். 60-க்கு மேல் சேர்ந்துவிட்டது. அப்புறம் லேப்டாப் உறைந்துபோனது.

ரோடு திறந்த அன்று நான் போனேன். ஆபரேட்டர் லீவு. சப் போஸ்ட்மாஸ்டரிடம், "இதுல முக்கியமா ஏதாவது இருக்கா சார்?" என்றேன். "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல, ஓட வச்சுக் குடுங்க, வெளியே கூட்டம் நிக்குது" என்றார். மணி இரண்டரை. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஃபார்மெட் செய்தேன், மென்பொருளைப் போட்டேன், அது ஓடியது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஆபரேட்டர் போன் செய்தார். தேயிலை எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து ஓர் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஆதார் கேட்கிறார்கள், எண்ணைப் போட்டால் அப்படி ஒரு பதிவே இல்லை என்று வருகிறது. மறுநாள் நான் போனபோது அந்த அக்காவும் வந்திருந்தார். ஒப்புகைச் சீட்டை நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடியில் செருகி வைத்திருந்தார். 14 இலக்கப் பதிவு எண், தேதி, நேரம், நொடி எல்லாம் தெளிவாக இருந்தது. அந்த நொடியில் அந்தக் குழந்தை கேமரா முன் உட்கார்ந்திருந்தாள் என்பதற்குச் சாட்சி அந்தச் சீட்டு மட்டும்தான். மிச்சத்தை நான் அழித்திருந்தேன்.

பூர்த்தி செய்து கொடுத்த விண்ணப்பத் தாள்கள் இருந்ததால் முகவரிகள் கிடைத்தன. கிளை அஞ்சலக ஊழியர்கள் தபால் கொண்டுபோகும்போதே வீடு வீடாகச் சொன்னார்கள். வந்தவர்கள் மறுபடி ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் சார்ஜ் கொடுத்து வந்தார்கள். அந்த அக்காவும் தன் பதிவுக்காக மீண்டும் உட்கார்ந்தார். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறை ஏறி, ரேகை தேய்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து நாலாவது தடவைதான் ஸ்கேனர் எடுத்துக்கொண்டது. முதல் தடவையும் இவ்வளவு பாடுபட்டுத்தான் கொடுத்திருப்பார். சிலர் திரும்ப வரவே இல்லை.

அதனால், மென்பொருளின் பெயர் எத்தனை தடவை மாறினாலும் இதைச் செய்யுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் உட்காருகிறவரிடம் கேளுங்கள், அலுவலகத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். உட்காருகிறவர் லீவில் இருந்தால் போன் போடுங்கள். "முக்கியமானது இருக்கா" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "இன்னும் போகாதது என்ன இருக்கு, எந்தத் தேதியிலிருந்து லைன் இல்லை" என்று கேளுங்கள். மெஷின் ஆன் ஆனால் நிலுவை எண்ணிக்கையை உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஆன் ஆகவே இல்லையா? டிஸ்க்கைக் கழற்றி, ஆபீஸ் பெயரும் தேதியும் எழுதி உறையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு பீரோவில் பூட்டச் சொல்லுங்கள். வேறு டிஸ்க்கைப் போட்டு ஓட வையுங்கள். பழையதிலிருந்து எடுக்க முடியுமா என்பதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

பேக்கப்பை அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதும் இதே தவறுதான். சஞ்சய் போஸ்ட் என்ற பழைய சேமிப்புக் கணக்கு மென்பொருள் இருந்த காலத்தில் ஒவ்வோர் ஆபீஸுக்கும் தனி சர்வர். டிஸ்க் போனால் சி, டி இரண்டும் சேர்ந்தே போகும். அப்படிப் போன ஓர் ஆபீஸுக்கு வவுச்சர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திரும்ப ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

உதிரி இல்லாமல் போவது

கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, ஒரு கீபோர்டு, ஒரு நெட்வொர்க் கேபிள், யூ.பி.எஸ்ஸுக்கு ஒரு ஃபியூஸ். பையில் எப்போதும் இருக்கட்டும்.

யூ.பி.எஸ். பேட்டரியை ஓட்டிப் பார்க்காமல் விடுவது

டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரியின் தாங்கும் நேரம் குறையும். மெயினை அணைத்து, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று எழுதி வையுங்கள்.

கவுண்டர் ஊழியரின் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்வது

கூடாது. அவரே கொடுத்தாலும் கூடாது.

ஓடியதும் புகார் டிக்கெட்டை மூடுவது

திரை வந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. புகார் சொன்னவர் தன் கையால் ஒரு டெபாசிட் போட்டு, அது பாஸ்புக்கில் அச்சாகி வரட்டும். ஈரக் காற்றில் தாள் தளர்ந்து பிரிண்டர் வரியைக் கோணலாக இழுக்கும். அது அப்போதுதான் தெரியும். அதையும் சரிசெய்துவிட்டு மூடுங்கள்.

கடைசி பஸ்ஸை வைத்துக்கொண்டு பெரிய வேலையைத் தொடங்குவது

மத்தியானத்துக்கு மேல் ஃபார்மெட், டிஸ்க் மாற்றுவது எதையும் தொடங்காதீர்கள். கூடலூரிலேயே தங்கிவிட்டு, மறுநாள் காலை ஆபரேட்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.