தவழும் குழந்தை உள்ள வீட்டில் விஷம் எங்கே இருக்கிறது?

முதலில் ஒரு வேலை. கையில் ஒரு பையோடு முட்டி போட்டு, வீடு முழுக்கத் தவழ்ந்து வாருங்கள். நிற்கும்போது தெரியாததெல்லாம் கண்ணில் படும்: ஸிங்க் அடியில் ஆசிட், கட்டிலடியில் எலி பேஸ்ட், ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி. எல்லாவற்றையும் பையில் போட்டு, தாழ்ப்பாள் உள்ள அலமாரிக்கு ஏற்றுங்கள்.

அடுத்து பாட்டில்கள். குழந்தை லேபிளைப் படிக்காது. தண்ணீர் பாட்டில் என்றால் குடிக்கும். மண்ணெண்ணெய், தின்னர், பினாயில் எதையும் வாங்கிய டப்பாவிலிருந்து மாற்றாதீர்கள். மண்ணெண்ணெய் இப்போது யார் வீட்டில் என்பீர்கள். பெயின்டர் பிரஷ் ஊறவைத்த டம்ளர் ஒன்று போதும். ஒரு மடக்கு குடிக்கும்போதே புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்கவைத்தால் இரண்டாம் முறையும் போகும். உப்புக் கரைசல், முட்டை வெள்ளைக்கரு, தொண்டையில் விரல் விடுவது எதுவும் வேண்டாம். நனைந்த உடையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனை. இருமல் இல்லாவிட்டாலும் 6 மணி நேரமாவது அங்கே வைத்துப் பார்ப்பார்கள்.

பூஜை அலமாரி பலருக்கும் நினைவுக்கே வராது. கற்பூரம் கல்கண்டு மாதிரி இருக்கும்; ஒன்றிரண்டு கட்டி போனாலே வலிப்பு வரலாம். எலி பேஸ்டைத் தேங்காய்ச் சில்லில் தடவி மூலையில் வைப்பதை விட்டுவிடுங்கள், எலிக்கூண்டு போதும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் என்றால் கல்லீரல் பழுது 2, 3 நாள் கழித்துத்தான் தெரியவரும்.

மாத்திரைகளில் அதிகம் கவனிக்க வேண்டியது கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை. மிட்டாய் போலவே இருக்கும். ஒன்றில் 60 மி.கி. இரும்பு என்றால், 10 கிலோ குழந்தைக்கு 4 மாத்திரையே விஷம். 10 போனால் உயிருக்கு ஆபத்து. வாந்தி நின்று குழந்தை தெளிந்ததுபோல் சில மணி நேரம் இருக்கும், பிறகுதான் மோசமாகும். அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

பட்டன் பேட்டரி விழுங்கியது போலச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

என்ன விழுங்கியிருந்தாலும் 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். அட்டையில் எத்தனை குறைகிறது என்று வழியிலேயே எண்ணிவிடுங்கள், மருத்துவர் கேட்பார்.