ரெஸ்யூமேயின் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதுங்கள்

முதல் இன்டர்வியூவுக்குப் போகும் முன், உங்கள் ரெஸ்யூமேவை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதிலிருந்து வரக்கூடிய கேள்வியைப் பென்சிலால் எழுதி, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். ‘ஆம்பூர் ஷூ கம்பெனியில் டிரெயினிங்’ என்று போட்டிருந்தால், ‘அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்த பிறகு எந்தப் பிரிவுக்குப் போகும்?’ என்று கேட்கலாம். லாஸ்ட்டிங் (அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்தும் பிரிவு) என்று பதில் டக்கென வர வேண்டும். பதில் வராத வரியை எடுத்துவிடுங்கள், தயங்கவே வேண்டாம்.

அனுபவம் இல்லாதவரிடம் கேட்க இன்டர்வியூ எடுப்பவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரு தாள்தான். அதனால்தான் இது நூறு பொதுக் கேள்விகளை மனப்பாடம் செய்வதைவிட நன்றாக உதவும்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வாக்-இன் போய், முதலில் எழுத்துத் தேர்வோ மெஷினில் செய்துகாட்டச் சொல்வதோ இருந்தால் இது மட்டும் போதாது. அதற்குக் கைப்பழக்கம்தான் வேண்டும்.